மாவாவோடு பிடிபட்ட பிள்ளைக்கு விடுகைப் பத்திரம்தான் பதிலா?

கொழுந்து_டீச்சர்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். பாடசாலையின் பெயரை யாரும் கேட்க வேண்டாம், கண்டுபிடித்தாலும் இங்கே எழுத வேண்டாம்.

போன கிழமை தரம் 10 பையன்கள் மூன்று பேர் மைதானத்துக்குக் கீழே, தேயிலை மலைக்குள் இறங்கும் படிக்கட்டில், மாவாவோடு (கன்னத்தில் அடக்கிப் போடும் பாக்கு, புகையிலைக் கலவை) பிடிபட்டார்கள். பிடித்தது நான் இல்லை, விளையாட்டு சேர். மூவரில் ஒருவனிடம் மாத்திரை அட்டை ஒன்றும் இருந்தது, பாதி காலி. பொதி சோற்றுப் பார்சல் மாதிரி மடித்த ஒரு சின்னப் பொலித்தீன், கணிதப் பெட்டிக்குள் கவராயத்துக்கு அடியில். அந்தப் பெட்டியை நானே பல தடவை திறந்து பார்த்திருக்கிறேன், அடிமட்டம் இருக்கிறதா என்று.

ஒழுக்காற்றுக் குழு திங்கட்கிழமை கூடுகிறது. அதிபர் முடிவெடுத்துவிட்டார் என்றுதான் தெரிகிறது: பெற்றோரைக் கூப்பிடுவது, விடுகைப் பத்திரத்தைக் கையில் கொடுப்பது, அனுப்பிவிடுவது. "ஒரு பழம் அழுகினால் கூடையே போகும் டீச்சர்" என்கிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை. போன வருடம் சாதாரண தரப் பரீட்சையில் எங்களுக்கு நல்ல பெறுபேறு வந்தது, அந்தப் பெயர் போய்விடும் என்ற பயம்.

மாத்திரையோடு இருந்த பையனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா கொழும்பில் ஒரு கடையில். பையன் அம்மாயியோடு (அம்மாவின் அம்மா) லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இருக்கிறான். அவன் வகுப்பில் சில மாதமாகவே வாயைத் திறந்து பேசுவதில்லை. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவான். கூச்சம் என்று எல்லோரும் சொன்னார்கள். கன்னத்துக்குள் அடக்கி வைத்திருப்பவன் எப்படிப் பேசுவான் என்று இப்போதுதான் புரிகிறது.

குழுவில் நானும் இருக்கிறேன். என்ன சொல்லலாம்? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகள்" என்று தொடங்கும் பதில்கள் வேண்டாம்.

பொகவந்தலாவை_அப்பா

டீச்சர், கோபப்படாமல் கேளுங்கள். எனக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் தரம் 9. அவனுக்குப் பக்கத்தில் மாத்திரையோடு ஒரு பையன் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் எந்தத் தகப்பனுக்குத் தூக்கம் வரும்?

நான் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) இரவு வேலை செய்துதான் இவர்களைப் படிப்பிக்கிறேன். எங்கள் தலைமுறைக்குக் கிடைக்காத படிப்பு இது. அதைக் கெடுக்கிறவனுக்கு இரக்கம் பார்த்தால், கெடாமல் இருக்கிற பிள்ளைக்கு யார் இரக்கம் பார்ப்பது? அதிபர் சொல்வது சரி. அனுப்புங்கள்.

பழைய_அதிபர்

நுவரெலியா, ஹட்டன் கல்வி வலயங்களில் பல வருடங்கள் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். பொகவந்தலாவைத் தம்பியின் பயம் நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சட்டம்.

இந்த நாட்டில் 2016இலிருந்து கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை. அதற்கு முன் 14 வரைதான். தரம் 10 பிள்ளைக்கு 15 வயது இருக்கும். அந்த வயதுப் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு வருவது அரசின் கடமை என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, மறு பக்கம் விடுகைப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பதை எந்த அதிகாரியும் எழுத்தில் ஆதரிக்க மாட்டார். அதனால்தான் அதிபர்மார் "பெற்றோர் தாமாகக் கேட்டு வாங்கினார்கள்" என்று பதிவு செய்வார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, பொலிசுக்குக் கொடுக்கவா, நீங்களே கூட்டிப் போகிறீர்களா என்று கேட்டால் யார் என்ன சொல்வார்? கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அடிக்க வேண்டாம். 2016இன் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல் தண்டனையைத் தெளிவாகத் தடுக்கிறது. பிரம்பை எடுத்த நிமிடத்திலிருந்து பேச்சு மாவாவைப் பற்றியதாக இருக்காது, ஆசிரியரைப் பற்றியதாகிவிடும். மாவா விற்றவனுக்கு அது பெரிய நிம்மதி.

சரி, விடுகைப் பத்திரம் வாங்கிய பிள்ளை எங்கே போவான்? பக்கத்துப் பாடசாலை எடுக்காது. கதை அவனுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். காலை 7.30க்கு அவன் வயதுக்காரர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் போகும்போது அவன் கடைச் சந்தியில் நிற்பான். அவனுக்கு மாவா விற்றவனும் அங்கேதான் நிற்பான். ஒரு வருடத்துக்குள் கொழும்புக்குக் கடை வேலைக்கு, இல்லையென்றால் நுவரெலியாவில் மரக்கறித் தோட்டத்துக்கு. பிறகு தீபாவளிக்கு வரும்போது கையில் காசோடும் புதுப் பழக்கத்தோடும் வருவான். அப்போது அவனைச் சுற்றி நிற்பவர்கள் யார்? உங்கள் பாடசாலையின் தரம் 9, தரம் 10 பையன்கள். நீங்கள் வெளியே அனுப்பிய பிரச்சினை கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் பிள்ளைகளைத்தான் கூப்பிடும்.

பாவிக்கிறவன் வேறு, விற்கிறவன் வேறு. இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். மூவரில் யாராவது மற்றப் பிள்ளைகளுக்குக் காசுக்குக் கொடுத்திருந்தால் அது வேறு விசாரணை, அதில் நானும் கடுமையாகத்தான் இருப்பேன். அப்போதுகூட அந்தப் பிள்ளையின் பின்னால் ஒரு பெரியவன் இருப்பான், அவனைத் தேட வேண்டும்.

சுகாதாரத்_தம்பி

பொது சுகாதார பரிசோதகராக இருக்கிறேன், எந்தப் பிரிவு என்று சொல்லவில்லை. மாவாவைப் பற்றி இரண்டு விஷயம்.

மாவா என்பது சீவிய பாக்கு, புகையிலைத் தூள், சுண்ணாம்பு. இதைப் பொலித்தீனில் போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்கள். இதற்கு மேல் அந்தந்த வியாபாரி எதைக் கலக்கிறான் என்பது அவனுக்கே வெளிச்சம். பிடிபடுகிற மாதிரிகள் ஒன்று மாதிரி ஒன்று இருப்பதில்லை.

"பாக்குத்தானே, கஞ்சா இல்லையே" என்று பெற்றோர் சொல்வார்கள். பாக்கு மட்டுமே புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே முதலாம் வகுப்பில், அதாவது உறுதியாகப் புற்றுநோய் தருபவற்றின் பட்டியலில், போட்டுவிட்டது. புகையிலை சேராமலேயே. இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வரும் புற்றுநோய்களில் முன்னால் நிற்பது வாய்ப் புற்றுநோய். அது தற்செயல் இல்லை.

அதற்கு முன்னாலேயே வாய் இறுகத் தொடங்கும். கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, நார் நாராக விறைக்கும், காரம் பட்டால் எரியும். டீச்சர், அந்தப் பையனிடம் நடு மூன்று விரலையும் சேர்த்து, நெடுக்காக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்று விரல் போகவில்லை என்றால் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இறுகியது பழையபடி முழுதாக வராது, ஆனால் இப்போது நிறுத்தினால் மேலே இறுகுவதை அநேகமாக நிறுத்தலாம்.

ஒரு யோசனை: பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் அருகில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். முழு வகுப்புக்கும் வாய்ப் பரிசோதனை என்று வையுங்கள். யாரையும் தனியாகக் கூப்பிடத் தேவையில்லை. போதைப்பொருள் விழிப்புணர்வு என்றால் பிள்ளைகள் முகத்தைத் திருப்புவார்கள், பல்லைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். யார் யார் போடுகிறார்கள் என்பது பல்லிலேயே தெரியும்.

கடைக்காரனைப் பற்றி: 2006இன் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலையோ மதுவோ விற்பது குற்றம். கவனியுங்கள், 18 இல்லை, 21. புகையற்ற புகையிலைக் கலவைகளை விற்பது 2016இலிருந்து வயது வித்தியாசமே இல்லாமல் தடை. முறைப்பாடு எழுத்தில் வந்தால் நாங்களோ, மதுவரித் திணைக்களமோ, பொலிசோ போகலாம். ஆனால் எழுத்தில் யாரும் தருவதில்லை. எல்லோரும் போனில் சொல்லிவிட்டு, "என் பெயர் வர வேண்டாம் சேர்" என்பார்கள்.

லயத்துக்காரி

ஏன் தருவதில்லை என்று நான் சொல்கிறேன் தம்பி. அந்தக் கடையில்தான் எங்கள் கொப்பி இருக்கிறது. அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பிக் கணக்கு. சம்பளம் வந்ததும் கொண்டுபோய்க் கட்டுவோம், கட்டியும் மிச்சம் நிற்கும். யார் போய் அந்தக் கடைக்காரனுக்கு எதிராகக் கையெழுத்து வைப்பது? அடுத்த நாள் பிள்ளைக்குப் பால்மா கிடைக்காது. அவரும் கெட்டவர் என்று சொல்ல முடியாது, கொரோனா நேரத்தில் ஊரையே கடனில் சாப்பிட வைத்தவர்.

இன்னொன்றும் எழுதுகிறேன், பெண்கள் யாரும் கோபப்படக் கூடாது. வெற்றிலை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. விடிய எழும்பி, மழையில் மலைக்கு ஏறி, அட்டை கடித்து, குளிரில் விறைத்து நிற்கும்போது ஒரு வாய் வெற்றிலை போட்டால்தான் கை ஓடும். என் அம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான். பசியும் தெரியாது. "ஓடிப்போய் வெத்தலை, பொகலை வாங்கிட்டு வா" என்று ஆறு வயசுப் பிள்ளையைத்தான் அனுப்புகிறோம். மிச்சக் காசுக்கு அது டொபி வாங்கும். கடைக்காரருக்கு அந்தப் பிள்ளை புகையிலை வாங்குவது பழக்கமாகிவிட்டது. பதினைந்து வயதில் தனக்கு வாங்கினால் அவர் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பார்?

அதனால் டீச்சர் அம்மாயியைக் கூப்பிட்டு ஏசினால் ஒன்றும் நடக்காது. அம்மாயியின் மடியிலேயே ஒரு பொட்டலம் இருக்கும். மெதுவாகப் பேசுங்கள்.

சிவனொளிபாதம்

இந்த இழையில் யாரும் பொலிஸ் சோதனையைப் பற்றிப் பேசவில்லையே. வருடா வருடம் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் தொடங்கினால் கினிகத்தேனை, ஹட்டன் பாதையில் மோப்ப நாயோடு பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கிறார்கள், கஞ்சாவோடு பையன்கள் பிடிபடுகிறார்கள், பத்திரிகையில் வருகிறது. பாடசாலைக்கும் மாதம் ஒரு முறை நாயைக் கொண்டு வந்தால் பயம் இருக்கும். பையைச் சோதிப்பதில் என்ன தப்பு?

கோச்சி_98

அண்ணே, பயம் இருக்கும். பையில் கொண்டு வர மாட்டான். அவ்வளவுதான்.

நான் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். நான் தரம் 10இல் பாடசாலையை விட்டு அனுப்பப்பட்டவன். பியர் டின்னும் சிகரட்டும். பாடசாலைப் பெயர் எதற்கு. காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்து, பையைக் கொட்டி, ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார்கள். என் தங்கச்சி தரம் 7 வரிசையில் நின்றாள். சிகரட் பெட்டியை விட, பைக்குள் இருந்த பாதி ரொட்டியையும் சம்பலையும் எடுத்துக் காட்டியபோது பிள்ளைகள் சிரித்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடுத்த மாதம் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடை. மேல் மாடியில் பத்துப் பதினைந்து பையன்கள் ஒன்றாகப் படுப்போம், எல்லோரும் மலையகம்தான். இரவு கடை பூட்டி ஒன்பது, பத்து மணியாகும். உடம்பு வலிக்குது என்றால் ஒரு அண்ணன் மாத்திரை தருவார். முதல் தடவை இலவசம். நான் சிகரட்டோடு கொழும்புக்குப் போனேன், அங்கேதான் மற்றதெல்லாம் பழகினேன். இப்போது விட்டுவிட்டேன், ஓட்டோ ஓட்டுகிறேன். யாருடைய புண்ணியம் என்று கேட்டால், என்னை வேலையை விட்டு நிறுத்தாமல் "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வா, கடை இருக்கும்" என்று சொன்ன முதலாளி.

தயவுசெய்து என்னை யாரும் பாடசாலைக்குப் பேச்சுக் கொடுக்கக் கூப்பிட வேண்டாம். ஒரு தடவை கூப்பிட்டார்கள், போனேன். பையன்கள் கேட்ட கேள்வி எல்லாம் "அடிச்சா எப்படி அண்ணே இருக்கும்?" என்றுதான்.

பழைய_அதிபர்

கோச்சித் தம்பி கடைசியில் சொன்னதைத்தான் பெரிய ஆய்வுகளும் சொல்கின்றன. ஐக்கிய நாடுகள் போதைப்பொருள் மற்றும் குற்றங்கள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து தடுப்பு வேலைக்கான நியமங்களை வெளியிட்டிருக்கின்றன, திருத்திய பதிப்பு 2018. பயமுறுத்தும் படங்கள், மேடையில் ஒருவர் மட்டும் பேசும் விரிவுரை, முன்பு பாவித்தவரின் சாட்சியம், இவை பலன் தருவதில்லை, சில வேளை எதிர்மாறாகவும் போகும் என்று அதில் இருக்கிறது. அமெரிக்காவில் பொலிஸ்காரர் வகுப்பறைக்கு வந்து பாடம் எடுக்கும் "டேர்" என்ற திட்டம் 1983இல் தொடங்கிப் பல வருடம் ஓடியது. ஆராய்ந்து பார்த்தால் அந்தப் பாடம் எடுத்த பிள்ளைகளுக்கும் எடுக்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாங்கள் என்ன செய்கிறோம்? ஜூன் 26 வந்தால் பதாகை பிடித்து டவுன் வரை ஊர்வலம், மண்டையோட்டுப் படத்தோடு சித்திரப் போட்டி. முதல் பரிசு வாங்கிய பையன் கன்னத்தில் மாவாவோடு மேடையேறியதை நானே பார்த்திருக்கிறேன்.

சிவனொளிபாதம் அவர்களுக்கு: 2023 டிசம்பரில் "யுக்திய" என்று போதைப்பொருளுக்கு எதிராக நாடு முழுக்கப் பெரிய பொலிஸ் நடவடிக்கை தொடங்கியது. ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள். பிடிபட்டதில் எத்தனை பேர் பாவனையாளர், எத்தனை பேர் கொண்டு வருகிறவர் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பாடசாலைக்குள் நாய் வந்தால் அந்தப் பிள்ளை இனி எந்த ஆசிரியரிடமும் வாய் திறக்காது. நமக்கு வேண்டியது அதன் வாய் திறப்பதுதான், இரண்டு அர்த்தத்திலும்.

சிவனொளிபாதம்

பதாகை ஊர்வலம் வேண்டாம், நாய் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். அப்போ என்னதான் செய்வது சேர்? சும்மா விடுவதா?

நெறியாளர்

ஒரு பதிலை நீக்கியிருக்கிறேன். அதில் ஒரு கடையின் பெயரும் ஒரு பையனின் லய இலக்கமும் இருந்தன. பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் போட வேண்டாம். மற்றபடி தொடருங்கள்.

நானுஓயா_நிலா

சிவனொளிபாதம் அண்ணா கேட்டது சரியான கேள்வி. நான் வழிகாட்டல் ஆலோசனைப் பொறுப்பு ஆசிரியை. சொல்லப்போனால் அந்தப் பொறுப்போடு கிழமைக்கு முப்பது பாடவேளை வரலாறும் எடுக்கிறேன், தனி அறை கிடையாது, நூலகத்தின் மூலையில்தான் பிள்ளைகளோடு பேசுவேன். பல தோட்டப் பாடசாலைகளில் அந்த மூலையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. இதுதான் அவசரம், மற்றதெல்லாம் திங்கட்கிழமை வரை பொறுக்கும். அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் இப்போது அதிகம் கைமாறுவது ப்ரீகபலின், நரம்பு வலிக்கும் வலிப்புக்கும் வைத்தியர் எழுதிக் கொடுப்பது. பையன் இதைக் கொஞ்ச நாளாகத் தொடர்ந்து எடுத்திருந்தால், "இன்றோடு விட்டுவிடு" என்று வீட்டில் பூட்டி வைப்பது ஆபத்து. சடுதியாக நிறுத்தினால் தூக்கமில்லாமை, வியர்வை, பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். எவ்வளவு குறைத்து எப்படி நிறுத்துவது என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பியரோடு சேர்த்து எடுப்பது இன்னும் மோசம், மூச்சே மந்தமாகும். ஒரு பிள்ளை எழுப்பியும் எழும்பாமல் குறட்டை மாதிரி மூச்சு விட்டால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள், தோடம்பழச் சாறு பருக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் லயம் வரை வராது என்றால் பிரதான பாதை வரை தூக்கிக்கொண்டு போங்கள், தோட்டத்து லொறியானாலும் பரவாயில்லை.

அடுத்தது பேச்சு. குழுவுக்கு முன்னால் ஏழு பேர் மேசைக்கு அந்தப் பக்கம், பையன் இந்தப் பக்கம் என்று உட்கார வைத்தால் அவன் சொல்வது "இனிமே செய்ய மாட்டேன் சேர்" என்ற ஒரே வசனம்தான். அதற்கு முன், அவனுக்குப் பிடித்த ஒரு ஆசிரியர் தனியாகப் பேச வேண்டும். உங்கள் கதையைப் பார்த்தால் அது விளையாட்டு சேராக இருக்கலாம். "ஏன் போட்டாய்?" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. "எப்போ போடுவாய்? காலையிலா, பாடசாலை விட்டுப் போகும்போதா? யாரோடு? போடாத நாள் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். போடாத நாளிலும் சாதாரணமாக இருக்கிறான் என்றால் பெரும்பாலும் கூட்டாளிகளோடு சேர்ந்து பார்ப்பவன். காலையில் எழும்பியவுடன் வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்குகிறது, தூங்க முடியவில்லை என்றால் அது பாடசாலை மட்டும் தீர்க்கும் விஷயம் இல்லை, ஆஸ்பத்திரி வேண்டும். மூன்று பையன்களையும் ஒரே தராசில் போடாதீர்கள். இரண்டு பேர் மாவா, ஒருவன் மாத்திரை. மூவருக்கும் ஒரே தண்டனை என்பது நியாயம் மாதிரித் தெரியும், ஆனால் யாருக்கும் உதவாது.

உதவி எங்கே: தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. அவர்களின் சிகிச்சை நிலையங்களில் நமக்குக் கிட்டியது கண்டி. மனநல உதவிக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அழைக்கும்போது தமிழில் பேசுபவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள், கொஞ்சம் காத்திருக்கச் சொன்னாலும் போனை வைத்துவிடாதீர்கள். சிங்களத்தில் தட்டுத்தடுமாறிச் சொல்லி அரைகுறையாக வைப்பதை விட அது நல்லது. என் அனுபவத்தில் இதை விட வேகமானது அரசாங்க வைத்தியசாலையின் மனநல கிளினிக். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ போய் விசாரியுங்கள். "பைத்திய கிளினிக்" என்று அம்மாயி பயப்படுவார், அதனால் ஆசிரியர் ஒருவர் கூடப் போக வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார். அம்மா வெளிநாடு, அப்பா கொழும்பு என்ற பிள்ளை அவருடைய கோவையில் ஏற்கனவே இருக்க வேண்டியது. பெரும்பாலும் இருக்காது.

அப்புறம் பாடசாலைக்குள்: அந்தப் பையனை நீண்ட நேரம் வெறுமனே விடாதீர்கள். 1.30க்கு விட்டால் இரவு வரை லயத்தில் அவனுக்கு யாரும் இல்லை. அந்த நேரத்தைத்தான் மாவாக்காரன் வாங்குகிறான். கரப்பந்து வலை ஒன்று கட்டினால் மாலை ஐந்து மணி வரை பதினைந்து பையன்கள் மைதானத்தில் நிற்பார்கள். சிரிக்க வேண்டாம், நானுஓயாப் பக்கம் ஒரு பாடசாலையில் பழைய மாணவர்கள் இதைத்தான் செய்தார்கள், செலவு ஒரு பந்தும் வலையும். பையன்கள் எல்லோரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். யார் வரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும், அது பெரிய விஷயம்.

பொகவந்தலாவை_அப்பா

எல்லாம் சரி மிஸ். ஆஸ்பத்திரி, கரப்பந்து எல்லாம் நல்லது. என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. இடையில் என் பையனுக்கு அவன் ஒரு மாத்திரையைக் கொடுத்தால்?

பழைய_அதிபர்

கடைசியில் வருகிறேன் என்றேன், வருகிறேன் தம்பி.

நீங்கள் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான்: பையன் திரும்பி வகுப்புக்கு வருவது நிபந்தனையோடு. கிளினிக்குக்குப் போக வேண்டும், கொப்பியைக் காட்ட வேண்டும். முன் வரிசையில் உட்கார வேண்டும். இடைவேளையில் ஒரு ஆசிரியரின் கண்ணில் இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைக்குக் கொடுத்தால் அடுத்த நடவடிக்கை என்ன என்பது அவனுக்கும் வீட்டுக்கும் முன்கூட்டியே தெரிய வேண்டும். இது இரக்கம் இல்லை, கண்காணிப்பு. அவன் சந்தியில் நின்றால் உங்கள் பையனுக்குக் கொடுப்பதை யார் கண்காணிப்பது?

உங்கள் பையனிடமும் ஒன்று பேசுங்கள். "யாராவது கொடுத்தால் என்னிடம் சொல், நான் அடிக்க மாட்டேன்" என்று. சொன்னபடி அடிக்காமலும் இருங்கள். நம் வீடுகளில் பிள்ளைகள் உண்மையைச் சொல்லாததற்குப் பாதிக் காரணம் தகப்பனின் பெல்ட்தான்.

பொகவந்தலாவை_அப்பா

நிபந்தனை எழுத்தில் இருந்தால் நான் ஒத்துக்கொள்வேன். வாய்ப்பேச்சாக இருந்தால் மாட்டேன். பெல்ட் விஷயம் எங்கள் வீட்டு விஷயம் சேர்.

கொழுந்து_டீச்சர்

நேற்றுக் குழு கூடியது. எழுதச் சொல்லி நிறையப் பேர் தனிமடல் போட்டிருந்தீர்கள்.

அம்மாயி மலையிலிருந்து நேராக வந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்திருந்தது. அன்றைய பேர் (நாள் சம்பளக் கணக்கு) போய்விட்டது, அரை நாள் கூட விழவில்லை. லயத்துக்காரி அக்கா சொன்னதால் ஏசவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "குவைத்துக்குச் சொல்லிறாதீங்க டீச்சர், அவ வேலைய விட்டுட்டு வந்துருவா, கடன் கட்டணும்." அப்பாவுக்குப் போன் எடுத்தோம். அவர் பையனைக் கொழும்புக்கு அனுப்பச் சொன்னார், தான் கடையில் சேர்த்துவிடுவதாக. கோச்சித் தம்பி எழுதியதை நான் அச்சடித்துக் கொண்டு போயிருந்தேன், பெயர் இல்லாமல்தான். அதிபரிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு கட்டாயக் கல்வி வயது பற்றி வலயத்தில் யாரோ ஒருவருக்குப் போன் எடுத்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்த மாதிரி இருக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவு: மாவாவோடு பிடிபட்ட இரண்டு பேருக்கும் விடுகைப் பத்திரம் இல்லை. நிபந்தனைக் கடிதம், பெற்றோர் கையெழுத்து. வகுப்பு முழுவதற்கும் வாய்ப் பரிசோதனை, பல் சிகிச்சை நிலையம் நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஒரு பையனுக்கு இரண்டு விரல்தான் போகிறது. அவன் மாத்திரைக்காரன் இல்லை, மற்றவன். யாரும் சந்தேகப்படாத, நன்றாகப் படிக்கிற பையன்.

மாத்திரைக்காரனுக்கு மூன்று மாதத் தவணை. கிளினிக்குக்குப் போனால் இருக்கலாம், போகாவிட்டால் குழு மறுபடி கூடும். இது எனக்கு முழுத் திருப்தி இல்லை. மூன்று மாதத்தில் ஒரு தடவை தவறினால்? அதிபர் இதற்கு மேல் இறங்கவில்லை. மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதை அவன் சொல்லவும் இல்லை. விளையாட்டு சேரிடம் மட்டும், "டவுனில் ஒரு அண்ணன்" என்று சொல்லியிருக்கிறான்.

கடை விஷயம்: தனி ஆள் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்பதால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் சுகாதார வைத்திய அதிகாரிக்குக் கடிதம் போகிறது. எந்தக் கடை என்று எழுதவில்லை, பாடசாலையைச் சுற்றி உள்ள எல்லாக் கடைகளுக்கும் போய்ப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறோம். தோட்டத் தலைவரும் கையெழுத்து வைத்தார். அவருக்கே ஒரு கடை இருக்கிறது என்பது வேறு கதை.

நிலா, கிளினிக்குக்கு வியாழக்கிழமை நான்தான் கூடப் போகிறேன். என்ன கொண்டு போக வேண்டும்?

சுகாதாரத்_தம்பி

கடிதம் நல்ல வேலை டீச்சர். எல்லாக் கடையும் என்று எழுதினால் யாரையும் காட்டிக் கொடுத்ததாக இருக்காது. இரண்டு கிழமையில் யாரும் வரவில்லை என்றால் ஞாபகக் கடிதம் போடுங்கள், முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து. அது கோவையில் சேரும்.

இரண்டு விரல் பையனைப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தோடு விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் வாய், முக சத்திர சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள்.

நானுஓயா_நிலா

டீச்சர், பையனின் பிறப்புச் சான்றிதழ் பிரதி, பழைய கிளினிக் கொப்பி ஏதும் இருந்தால் அது, அப்புறம் அந்தக் காலி மாத்திரை அட்டை. பொலிசுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் படமாவது எடுத்து வையுங்கள், டொக்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று தெரிய வேண்டும். அம்மாயியும் வர வேண்டும், பாதுகாவலர் யார் என்று கேட்பார்கள். அவருக்கு இன்னொரு பேர் போகும், அதைத் தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு இலக்கம் எடுத்தால்தான் மதியத்துக்குள் முடியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.